குறிஞ்சித் தேன் என்று எழுதும் முன்: உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. கல்லூரியில் பாடம் நடத்திய காலத்திலும் அதன் பிறகும், இந்த மலையில் பூக்கும் செடிகொடிகளின் மகரந்தத்தைச் சேகரித்துக் கண்ணாடி ஸ்லைடுகளில் பதித்து வைத்து வருகிறேன். குறும்பர், இருளர் ஊர்களிலிருந்து வரும் தேனை நுண்ணோக்கியில் பார்த்து, எந்தப் பூவின் தேன் என்று என்னால் இயன்ற அளவு சொல்லியும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றைக் கொண்டு, தேன் புட்டியின் மேல் எழுதும் பூவின் பெயரைப் பற்றித் தங்களிடம் ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன். தேன் எடுப்பவர், விற்பவர், வாங்குபவர் என எல்லோரையும் தொடும் செய்தி என்பதால் இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் பொதுவில் எழுதுகிறேன்.

ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகள் நிற்கும் கடைகளில் பூவின் பெயர் எழுதிய தேன் புட்டிகள் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. குறிஞ்சித் தேன், நாவல் தேன், கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தேன், காப்பிப் பூத் தேன் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். இவற்றில் அதிக விலைக்குப் போவது குறிஞ்சித் தேன். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் செடி. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல். அப்படியிருக்க, ஒவ்வொரு ஆண்டும் புதுத் தேன் என்று சொல்லி குறிஞ்சித் தேன் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. விற்பவர் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நீலக்குறிஞ்சி அடங்கிய ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் பல பத்து இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில ஆண்டுதோறும் பூக்கும். சில, ஆண்டுகள் பல இடைவெளி விட்டுப் பூக்கும். அவற்றின் தேனும் ஒரு வகையில் குறிஞ்சித் தேன்தான். ஆனால் வாங்குபவர் மனத்தில் இருப்பது மலையையே நீலமாக்கும் அந்த ஒரு பூ. குறிஞ்சிப் பூவையும் தேனையும் சேர்த்துப் பாடிய சங்கப் பாட்டைப் பள்ளியிலேயே படித்து வளர்ந்த தமிழருக்கு அந்தப் பெயரின் மேல் உள்ள பற்றுதான் அந்தப் புட்டியின் விலையாகிறது. அந்தப் பற்றுக்கு நேர்மையாக நடந்துகொள்ள வேண்டிய கடமை நம் எல்லோருக்கும் இருக்கிறது.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புட்டியில் இருப்பது தேனா, சர்க்கரைப் பாகு கலந்ததா என்பது ஒரு கேள்வி. தேன்தான் என்றால் எந்தப் பூவின் தேன் என்பது வேறொரு கேள்வி. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் பாகுக் கலப்பு இருப்பதாக வெளியிட்டபோது நாடு முழுவதும் பேச்சானது முதல் கேள்விதான். அதற்கான சோதனைகள் ஓரளவு தேர்ந்துவிட்டன. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை உள்வாங்கும் வழி வேறு, தேனீ நாடும் பெரும்பாலான பூச்செடிகளின் வழி வேறு. எனவே கார்பன் ஐசோடோப்புகளை அளந்தால் கரும்புப் பாகு காட்டிக்கொடுத்துவிடும். நெல்லின் வழியும் பூச்செடிகளின் வழியும் ஒன்று என்பதால் அரிசிப் பாகு இந்த வலையில் சிக்காது. அதற்கு வேறு சோதனைகள் வந்திருக்கின்றன. இவை அனைத்தையும் கடந்து நூற்றுக்கு நூறு தூய்மையானது என்று சான்று பெற்ற ஒரு தேன், தன் மேல் எழுதியிருக்கும் பூவைப் பார்த்தே இராத தேனீக்களின் தேனாகவும் இருக்கலாம். தூய்மைச் சான்றைக் காட்டிப் பூவின் பெயரை நியாயப்படுத்தும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. அதை ஏற்கக் கூடாது.

இரண்டாவது கேள்விக்குப் பழமையான, இன்றும் அடிப்படையான சோதனை மகரந்தத்தை எண்ணுவதுதான். சர்வதேசத் தேனீத் தாவரவியல் ஆணையம் 1970இல் வகுத்து 1978இல் திருத்திய முறை அது. 10 கிராம் தேனை 20 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, மேல்நீரை வடித்து, மறுபடி நீர் ஊற்றிச் சுழற்றினால் குழாயின் அடியில் ஊசிமுனை அளவு வண்டல் தங்கும். அந்த வண்டலை ஸ்லைடில் பரப்பி, உலரவிட்டு, கிளிசரின் ஜெல்லி இட்டு மூடி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், தேனீ எந்தெந்தச் செடிகளிடம் போய் வந்தது என்பதற்கான தடயம் கண்முன் விரியும். ஜெல்லியில் ஃபுக்சின் சாயம் கலந்திருந்தால் மகரந்த மணிகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். சூரியகாந்தியின் மணி உருண்டையாய் முள் நிறைந்திருக்கும். யூகலிப்டஸ் சிறு முக்கோணமாய் இருக்கும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கும் முக்கோணம்தான், ஆனால் பெரியது, மூன்று முனைகளிலும் துளை உண்டு. சில நூறு மணிகளை எண்ணி, எந்தச் செடியினது எத்தனை விழுக்காடு என்று பட்டியலிட வேண்டும். ஒரு செடியின் மகரந்தம் 45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது முதன்மை மகரந்தம். 16 முதல் 45 வரை இரண்டாம் நிலை. 3 முதல் 15 வரை சிறுபான்மை.

இந்த 45 என்ற எண்ணைத்தான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் ஒரே பூவின் தேன் என்று சொல்வதற்கு அந்தச் செடியின் மகரந்தம் 45 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன. எல்லாப் பூவும் தன் தேனுக்கு ஏற்ற அளவில் மகரந்தத்தை உதிர்ப்பதாக வைத்துக்கொண்டால் மட்டுமே இந்த ஒற்றை எண் பொருந்தும். உண்மை அப்படி இல்லை. ஆரஞ்சு, எலுமிச்சைப் பூக்களில் தேன் மிகுதி, மகரந்தம் குறைவு. 10 முதல் 20 விழுக்காடு மகரந்தம் இருந்தாலே ஆரஞ்சுப் பூத் தேன் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். யூகலிப்டஸ் நேர்மாறு: மகரந்தம் கொட்டிக் கிடக்கும். அங்கே 70 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அதை யூகலிப்டஸ் தேன் என்று சொல்லத் துணிவார்கள். ஒரே அளவுகோலை இரண்டின் மேலும் வைத்தால், கீழ்ப் பழனி மலையின் ஆரஞ்சுத் தோட்டத்தில் பெட்டி வைத்திருப்பவரின் உண்மையான ஆரஞ்சுத் தேன் தோற்கும். பாதிக்கு மேல் வேறு பூக்களின் தேன் கலந்த கற்பூர மரத் தேன் வெல்லும்.

தேனீயின் உடலுக்குள்ளேயே ஒரு சல்லடை இருப்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். தேனீ உறிஞ்சிய பூந்தேனைச் சுமந்துகொண்டு கூடு திரும்பும் வழியில், அதன் தேன்பைக்கும் குடலுக்கும் இடையிலுள்ள அடைப்பு மகரந்தத்தை வடித்தெடுக்கும். பெரிய மணிகள் அதிகம் வடிக்கப்படும். பிறகு மனிதக் கை சேர்க்கும் மகரந்தம் ஒன்று உண்டு. அடுக்குத் தேனீயின் பெட்டியில் அடை கட்டிய மரச்சட்டத்தை இயந்திரத்தில் சுழற்றி எடுக்கும் தேனில், தேனறைகளில் இருந்த மகரந்தம் மட்டுமே வரும். பாறைகளில் கூடு கட்டும் மலைத்தேனீயின் அடையைக் கையால் பிழிந்து எடுக்கும்போது, புழுக்களுக்கு உணவாகச் சேமித்து வைத்த மகரந்தமும் சேர்ந்து வந்துவிடும். அந்தச் சேமிப்பில், தேனே இல்லாமல் மகரந்தம் மட்டும் தரும் செடிகளினதும் இருக்கும். பாறையிலிருந்து வரும் தேனையும் பெட்டியிலிருந்து வரும் தேனையும் ஒரே கணக்கில் எண்ணுவது அதனால் சரியாகாது.

இது ஏட்டுக் கவலை அல்ல என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், கோத்தகிரிக்குக் கீழே சரிவிலுள்ள ஒரு குறும்பர் ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் ஒரு தூக்குச்சட்டியில் தேன் கொண்டுவந்தார். லேசான கசப்பு நாக்கின் அடியில் நிற்கும் தேன். அந்த ஊரில் அதை நாவல் தேன் என்பார்கள். நாவல் பூத்து முடிந்த கையோடு இறக்கியது. அதே தேனைத்தான் சமவெளி வியாபாரி ஒருவர் டின் டின்னாக வாங்கிப் போய், ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்திருந்தார். முதன்மை மகரந்தம் யூகலிப்டஸ் என்று அறிக்கை வந்தது. நாவல் என்று சொல்லி ஏமாற்றியதாக வியாபாரி பாதி விலைதான் கொடுத்தார். பெரியவர் சண்டை போடவில்லை. "டீச்சர், அந்தப் பாறையைச் சுத்தி எந்த மரம் பூத்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? என் அப்பன் காலத்திலருந்து அந்தப் பாறையில ஏறுறோம்" என்று மட்டும் சொன்னார்.

நான் அந்தத் தேனை ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். சிறு முக்கோணங்கள்தான் நிறைய இருந்தன. நாவலும் யூகலிப்டஸும் மிர்ட்டேசியே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் மகரந்தமும் சாதாரண நுண்ணோக்கியில் உடன்பிறந்தவர் போலத் தெரியும். அதே சரிவின் நாவல் மரத்திலிருந்து எடுத்து வைத்திருந்த என் பழைய ஸ்லைடையும் கற்பூர மரத்தின் ஸ்லைடையும் மாற்றி மாற்றி வைத்து இரண்டு நாள் பார்த்தேன். விளிம்பின் வடிவிலும் மேற்பரப்பிலும் அளவிலும் நாவலுக்கே நெருக்கமாக இருந்தது. ஆனாலும் ஒளி நுண்ணோக்கியை மட்டும் நம்பி, இது நாவல்தான் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதே காரணத்தால், இது யூகலிப்டஸ்தான் என்று கையெழுத்துப் போடவும் அந்த ஆய்வகத்துக்கு ஆதாரம் இல்லை. மிர்ட்டேசியே குடும்பம் என்று எழுதி நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரத்தின் பெயரை எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நம் மலை நாவலின் ஸ்லைடு அவர்களிடம் இருந்திருக்காது. இல்லாததால் கைவசம் இருந்த படத்தோடு பொருத்திவிட்டார்கள். அந்தப் பிழைக்குக் கூலி கொடுத்தவர், இரவில் கொடி ஏணியில் தொங்கிக்கொண்டு புகை போட்டு அடை அறுத்தவர்.

(நாவல் தேன் என்றால் சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது என்று சொல்லி விற்பதையும் இந்த இடத்தில் கண்டிக்கிறேன். எந்தப் பூவினதானாலும் தேனில் பெரும்பகுதி சர்க்கரையே.)

மகரந்தம் எட்டாத இடத்தில் வேறு முறைகள் உதவும். மின்கடத்துத் திறனை அளப்பது எளிது, செலவு குறைவு. பூந்தேனையும், பூச்சிகள் சுரக்கும் இனிப்புநீரைத் தேனீ சேர்த்த தேனையும் அது பிரித்துக் காட்டும். சில பூக்கள் தமக்கே உரிய வேதிப்பொருளைத் தேனில் விட்டுச் செல்கின்றன. ஆரஞ்சுப் பூத் தேனில் மீத்தைல் ஆந்த்ரனிலேட் அப்படிப்பட்டது. என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி தேனின் முழு வேதிக் கோலத்தையும் ஒரே வீச்சில் வரைந்து, ஏற்கெனவே சேர்த்து வைத்த உண்மையான தேன்களின் கோலங்களோடு ஒப்பிடுகிறது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு 2020 ஆகஸ்டு முதல் நம் நாட்டில் இந்தச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. மகரந்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து அதன் சில குறிப்பிட்ட பகுதிகளைப் படித்து, செடிகளை அடையாளம் காணும் முறையும் வளர்ந்துவிட்டது. நாவல், யூகலிப்டஸ் சிக்கலை அவிழ்க்க அதுவே சரியான கருவி என்பது என் கருத்து. எந்தச் செடி இருக்கிறது என்பதை டிஎன்ஏ நன்றாகச் சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்பதை அந்த அளவுக்குச் சொல்லாது. ஆகவே எண்ணுவதற்கு நுண்ணோக்கியும் பெயர் சொல்வதற்கு டிஎன்ஏவும் என இரண்டும் சேர வேண்டியிருக்கிறது.

நியூசிலாந்து தன் மானுகா என்ற செடியின் தேனுக்குச் செய்ததும் இதைப் போன்றதுதான். மானுகாவின் மகரந்தமும் அதன் உறவான கானுகாவின் மகரந்தமும் நுண்ணோக்கியில் பிரித்தறிய முடியாதவை. எனவே அந்த அரசு, நான்கு வேதிப்பொருட்கள் குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும், மானுகா மகரந்தத்தின் டிஎன்ஏவும் இருக்க வேண்டும், ஐந்தும் பொருந்தினால்தான் ஏற்றுமதியில் அந்தப் பெயரை எழுதலாம் என்று 2018 முதல் நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் பல ஆண்டுகள் செடிகளையும் தேன்களையும் சேகரித்துச் சோதித்தார்கள். சட்டம் பிறகுதான் வந்தது.

நான் எழுதிய எல்லா முறைகளுக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு: ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான மாதிரி. எத்தனை கோடி ரூபாய்க் கருவியானாலும், நம் மலைப் பூவையும் தேனையும் ஒருமுறையாவது அதற்குக் காட்டியிருந்தால்தான் அடுத்த முறை அடையாளம் சொல்லும். காட்டாவிட்டால் நம் காட்டுத் தேன் அதற்கு விளங்காத தேனாகத் தெரியும். விளங்காததைக் கலப்படம் என்று எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. பாறைத்தேனில் இயல்பாகவே ஈரப்பதம் கூடுதல் என்பதால், விதிகளின் 20 விழுக்காட்டு ஈரப்பத எல்லையில் அது ஏற்கெனவே திணறுகிறது. அதன் மேல் இன்னொரு தவறான முத்திரை விழக் கூடாது.

ஆகவே, பூவின் பெயரை லேபிளில் எழுதுவோரை நெருக்கும் முன், நீலகிரிக்கும் பழனி மலைக்கும் ஒரு மகரந்த நூலகத்தையும் தேன் மாதிரித் தொகுப்பையும் தங்கள் துறை முன்னின்று உருவாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் அதன் உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. செடியின் பெயரை உறுதி செய்ய அதைவிட ஏற்ற இடம் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வெப்பமண்டலச் செடிகளின் பெரும் மகரந்தத் தொகுப்பு இருக்கிறது. அதை வளர்த்தவர்களில் ஒருவர் நம் மகரந்தவியல் அறிஞர் கணபதி தணிகைமணி. வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வல்லுநர்கள் இருக்கிறார்கள். இவர்களை ஒரு மேசையில் உட்காரவைக்கும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது.

இந்த மூவரோடும் தங்கள் துறையோடும் ஐந்தாவதாக ஒரு நாற்காலியும் அந்த மேசையில் வேண்டும்: தேன் எடுப்பவருக்கு. எந்தப் பாறையில், எந்த மாதத்தில், சுற்றி எது பூத்திருக்கும்போது இறக்கியது என்ற விவரம் இல்லாத தேன், தொகுப்பில் வைக்கத் தகுதியற்ற மாதிரி. அந்த விவரம் வேறு எவரிடமும் கிடைக்காது. அவர்களிடம் மாதிரி வாங்கும்போது சந்தை விலைக்கு மேல் கொடுக்க வேண்டும். சோதனை முடிவை அவர்களுக்குப் புரியும்படி சொல்லவும் வேண்டும். தேனைத் தந்தவர் தன் தேனின் அறிக்கையைக் கண்ணால் பார்க்காத நிலை இனி இருக்கக் கூடாது.

நூலகம் கைக்கு வந்தபின், நம் முக்கியத் தேன் பூக்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எல்லையை வகுக்கும்படி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தாங்கள் பரிந்துரைக்கலாம். இது விதிகளுக்குப் புதிதான எண்ணம் அல்ல. சுக்ரோஸ் 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று சொல்லும் அதே விதிகள், கார்வியா கலோசா என்ற செடியின் தேனுக்கு 10 விழுக்காடு வரை இடம் தருகின்றன. மகாராஷ்டிர மலைகளில் ஆண்டுகள் இடைவிட்டுப் பூக்கும் அந்தச் செடி நம் குறிஞ்சியின் நெருங்கிய உறவு. ஒரு பூவின் இயல்பை மதித்து அளவுகோலை மாற்ற முடியும் என்பதற்கு விதிப்புத்தகத்திலேயே சான்று இருக்கும்போது, நாவலுக்கும் ஆரஞ்சுக்கும் யூகலிப்டஸுக்கும் அதைச் செய்வதில் தடை இருக்க முடியாது. அதுவரை, ஐயத்துக்கு இடமான தேனுக்கு ஆய்வகங்கள் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும், கையால் பிழிந்த தேனா சுழற்றி எடுத்த தேனா என்பதை அறிக்கையில் குறிக்க வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், எங்கள் ஊர்ப் பெரியவருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது.

குறிஞ்சியின் காரியம் மட்டும் காலக்கெடு உள்ளது. மற்றப் பூக்களின் மாதிரியை இந்த ஆண்டு தவறவிட்டால் அடுத்த ஆண்டு எடுக்கலாம். நீலக்குறிஞ்சியின் தேனை 2030இல் எடுக்காமல் விட்டால் 2042 வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பூப்பு தொடங்கும் முன்பே, எந்தச் சரிவுகளில் அடுக்குத் தேனீப் பெட்டிகளை வைப்பது, எந்தப் பாறைகளின் மலைத்தேனீ அடையிலிருந்து மாதிரி கேட்பது, பூக்கும் மாதங்களில் வாரந்தோறும் யார் போய் எடுப்பது, எங்கே குளிரில் வைப்பது என்பன முடிவாகியிருக்க வேண்டும். வனத்துறையின் அனுமதி கேட்டு வாங்கவே மாதங்கள் ஆகும் என்பது தாங்கள் அறிந்ததே. ஸ்ட்ரோபிலாந்தஸ் இனங்களின் மகரந்தம் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும். வகைப்பாட்டியலாளர்கள் அந்தப் பேரினத்தைப் பிரித்தறியவே மகரந்தத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே உண்மையான மாதிரி ஒன்று கையில் இருந்துவிட்டால், குறிஞ்சியின் பெயரில் விற்கும் தேனில் குறிஞ்சி இருக்கிறதா என்று சொல்வது நாவலைச் சொல்வதைவிட எளிது.

2018இல் கொடைக்கானல் மலைச்சரிவுகளில் நான் எடுத்த நீலக்குறிஞ்சி மகரந்தத்தின் 14 ஸ்லைடுகளும், அந்தப் பூப்பின்போது அங்கே பெட்டி வைத்திருந்த ஒரு விவசாயி என் கண்முன் இறக்கித் தந்த இரண்டு சிறு புட்டித் தேனும் என்னிடம் இருக்கின்றன. தேன் அன்றிலிருந்து குளிர்பெட்டியில்தான் இருக்கிறது. ஒன்றின் மூடியை மட்டும் ஒரே ஒருமுறை திறந்திருக்கிறேன். எடுத்த நாள், இடம், உயரம், அருகில் பூத்திருந்த பிற செடிகள் எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கின்றன. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 2030இல் அந்தச் சரிவில் ஏற முழங்கால் இடம் தருமா என்று தெரியாது. தங்கள் துறையிலிருந்து ஒருவரை அனுப்பினால், ஸ்லைடுகளையும் தேனையும் நோட்டையும் ரசீது வாங்கிக்கொண்டு அவர் கையில் ஒப்படைக்கிறேன். விலை ஏதும் வேண்டாம். வருபவர் ஒரு முற்பகல் நேரம் ஒதுக்கி வந்தால், நுண்ணோக்கியை ஜன்னலோரம் வைத்து நாவலையும் கற்பூர மரத்தையும் அடுத்தடுத்துக் காட்டவும் செய்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்